ஒன்பதாவது மாடிக்கு மேலே

"நான் வரலைன்னு நேத்தே சொல்லிட்டேன், வண்டியத் திருப்பச் சொல்லு..."

"வந்தாச்சு அத்தை, வாசல்லயே நிக்குது, இறங்குங்க..."

"இறங்கி? இறங்கி என்ன பண்ண? நாலு பேர் முன்னால என் தம்பி மூஞ்சியில கரியப் பூசவா..."

"நீங்க வெறும் டீ போட்டவங்கன்னு அவர் ஊர் முழுக்கச் சொல்லி உங்க மேல டீயை ஊத்தினாரே, அதை யார் துடைக்கிறது..."

"அது ஏதோ வாய் தவறி..."

"வாய் தவறி ரெண்டு வருஷமா பேட்டி குடுப்பாங்களா யாராவது?"

டாக்ஸி ஓட்டுநர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"அம்மா, ரெண்டு பேர் சொல்றதும் எனக்கு நியாயமாத்தான் படுது. ஆனா பின்னால நாலு வண்டி ஹாரன் அடிக்குது. கீழ நின்னு சண்டையை முடிச்சுக்கிட்டீங்கன்னா எனக்குப் பெரிய உதவியா இருக்கும்."

பெரியக்கா இறங்கினாள். மருமகள் பின்னாலேயே, கட்டம் போட்ட மூன்று நோட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கினாள்.

அந்த நோட்டுகளால் வந்த வினை. பத்து நாளாக வீட்டில் இதே பேச்சுதான். பரணைத் துடைக்க ஏறிய மருமகள், ஏணியில் நின்றபடியே ஒரு பக்கத்தைப் பிரித்துப் பார்த்தாள். கட்டம் கட்டமாகப் பென்சிலால் தீட்டிய புள்ளிகள். கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் படிக்கட்டு. இன்னும் தள்ளிப் பிடித்தால் பூனை, வாளி, திறந்து மூடும் கதவு.

"அத்தை! இது மாடிப்படி! மாடிப்படியோட படமெல்லாம் உங்க கையெழுத்துல இருக்கு!"

அன்றைக்கு ஏணியிலிருந்து விழாமல் இருந்ததே பெரிய விஷயம்.

'மாடிப்படி' என்பது ஒரு பழைய வீடியோ கேம். பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஒரு குட்டி உருவம் வாளியோடு ஏறும். வழியில் பூனை குறுக்கே வரும், கதவு முகத்தில் திறக்கும். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு டயர்க் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்த ஒரு கம்பெனி அதைச் செய்து ஐந்நூறு கேசட் போட்டது. கம்பெனி என்றால் மொத்தம் மூன்று பேர்: பெரியக்கா, அவளுடைய தம்பி, சர்க்யூட் பலகையில் ஈயம் வைக்கிற ஒரு ஆள். கம்பெனிக்குத் தம்பிதான் முதலாளி என்பதால் வீட்டில் அன்று வைத்த பட்டப்பெயர் 'எம்.டி.' கம்பெனி ஒரே வருஷத்தில் படுத்துவிட்டது. பட்டப்பெயர் மட்டும் இன்னும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பழைய சாமான் கடை ஒன்றில் அந்தக் கேசட் ஒன்று அகப்பட்டது. பழைய வீடியோ கேம் சேகரிக்கிறவர்களின் கூட்டம் அதை ஆடிப் பார்த்துப் பைத்தியமாகிவிட்டது. அந்தக் கூட்டத்தின் தலைவர், தொழிலில் பல் டாக்டர், எப்படியோ தேடிப் பிடித்து எம்.டி.க்குப் போன் போட்டார்.

"சார், இதைச் செஞ்சது நீங்கதானா?"

"ஆமா, நான்தான்."

கம்பெனியைச் சொன்னானா, விளையாட்டைச் சொன்னானா, அவனுக்கே அன்று தெரிந்திருக்காது. ஆனால் அந்தப் பக்கம் நாலு பேர் கைதட்டியது காதில் விழுந்தது. அடுத்த தடவை யாரோ கேட்டபோது இன்னும் தெளிவாகச் சொன்னான்.

பேர்தானே, வைத்துக்கொள்ளட்டும் என்று பெரியக்கா விட்டுவிட்டாள். தான் தூக்கி வளர்த்த தம்பி. ஆனால் போன மாசப் பேட்டியில் அக்காவைப் பற்றி யாரோ கேட்க, அவன் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் அவள் தொண்டையில் முள்ளாக நின்றது. "அக்காவா? ரொம்ப நல்லவ. நாங்க வேலை பாக்கும்போது டீ போட்டுக் குடுப்பா. நான் சொல்லச் சொல்ல டைப் அடிப்பா."

இன்று மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த விளையாட்டின் மறுபதிப்பு. புதுக் கேசட் இருநூறு. ஒவ்வொன்றின் மேலும் ஒட்டப்போகிற லேபிளில் 'படைப்பு' என்று போட்டு ஒரு பேர். ஒட்டிவிட்டால் ஒட்டியதுதான்.

"மணி பத்தே முக்கால் அத்தை," என்றாள் மருமகள். "சண்டைய நடந்துக்கிட்டே போடலாம்."

*

உள்ளே நுழைந்ததும் பெரியக்கா சண்டையை மறந்துபோனாள்.

முதல் வருஷம் பல் டாக்டரின் கிளினிக்கில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சில், ஒன்பது பேர் கூடித் தொடங்கிய பழைய கேம் திருவிழா இது. மருமகள் சொல்லியிருக்கிறாள். இரண்டாம் வருஷம் ஒரு பள்ளிக்கூட அறை. இன்றைக்கு இரண்டு தளம். வாசலில் கயிறு கட்டி வளைத்து வளைத்து வரிசை. வரிசையில் நரைத்த தலைகளும் இருந்தன, அப்பா தோளில் ஏறிய பிள்ளைகளும் இருந்தார்கள்.

மேஜை மேஜையாகப் பழைய டப்பா டி.வி.கள். அவற்றின் மெல்லிய ரீங்காரம் பல்லுக்குள் இறங்கியது. ஒருவர் பஞ்சு சுற்றிய குச்சியால் கேசட்டின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் விளையாட்டுக்கு உள்ளே வரும் குட்டிப் புத்தகங்களை மட்டும் விற்றார், விளையாட்டு இல்லாமல்.

"வெறும் புத்தகத்தை வாங்கி என்ன பண்ணுவாங்க?"

"அவங்ககிட்ட வெறும் கேசட் இருக்கும் அத்தை."

"நல்ல பொருத்தம்தான்."

இரண்டடிக்கு ஒருவர் மருமகளுக்கு வணக்கம் வைத்தார்கள். "லேப் அக்கா வந்தாச்சு!" ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறவள், பழைய கேசட்டைக்கூடக் கையுறை போட்டுக்கொண்டுதான் தொடுவாள். வீட்டில் குனிந்த தலை நிமிராமல் வெங்காயம் நறுக்குகிற பெண்ணுக்கு இங்கே இத்தனை மரியாதையா என்று பெரியக்கா ஓரக்கண்ணால் பார்த்தாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வரவேற்பு மேஜையில் அட்டை எழுதுகிற பெண் கேட்டாள்: "நீங்க யாரோட அம்மா?"

"ஏம்மா, நான் நானா வரக்கூடாதா?"

அந்தப் பெண் நாக்கைக் கடித்துக்கொண்டு 'விருந்தினர்' என்று எழுதிக் கொடுத்தாள்.

மேடைக்குப் பக்கத்தில் எம்.டி. நின்றிருந்தான். புதுச் சட்டை, மடிப்புக் கலையாத பேன்ட். கழுத்தில் தொங்கிய அட்டையில் பெரிய எழுத்தில் 'படைப்பாளி'. அக்காவைப் பார்த்ததும் ஒரு நொடி முகம் சுருங்கி, உடனே விரிந்தது.

"வாக்கா! நீ வருவேன்னு நினைக்கவே இல்ல. டீ குடிச்சியா?"

"குடிக்க எங்க? போட்டுக் குடுக்கத்தானே வந்திருக்கேன்."

அவன் சிரிக்கிற மாதிரி ஏதோ செய்தான். அதற்குள் மருமகள் பல் டாக்டரின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

"டாக்டர், இதைப் பாருங்க. இது எங்க அத்தை கையெழுத்து. மாடிப்படியில வர்ற எல்லாப் படமும் இதுல இருக்கு. ஒவ்வொரு மாடியும் இருக்கு."

பல் டாக்டர் நோட்டுகளைக் குழந்தையை வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். பக்கத்தைப் புரட்டப் புரட்ட அவர் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியது.

"சார், இது..."

எம்.டி. அசரவில்லை. "அதான் பேட்டியிலேயே சொன்னேனே டாக்டர். நான் சொல்லச் சொல்ல அக்கா எழுதினது. எனக்குக் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். அக்காவோடது முத்து முத்தா இருக்கும். என்னக்கா?"

அந்த 'என்னக்கா'வில் ஒரு கெஞ்சல் ஒளிந்திருந்தது. மற்றவர்கள் காதில் அது விழவில்லை. பெரியக்கா காதில் விழுந்தது. பன்னிரண்டு வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு அப்பா முன்னால் நின்றபோதும் இதே குரலில்தான் 'என்னக்கா' என்றான். அன்றைக்கும் அவள்தான் வாயை மூடிக்கொண்டாள்.

இன்றைக்கும் மூடிக்கொண்டாள்.

"அத்தை, வாயைத் திறங்க!" என்றாள் மருமகள்.

"கிளினிக்ல நான் சொல்ற வார்த்தை அது," என்று பல் டாக்டர் சிரித்து, நோட்டுகளை மூடி, பத்திரமாக எம்.டி.யின் கையில் கொடுத்தார். "அருமையான ஆவணம் சார். அடுத்த வருஷம் இதைக் கண்ணாடிப் பெட்டியில வெப்போம்."

மருமகளுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்காகத்தானே அத்தை இவ்வளவும். ஒரு வார்த்தை. 'நான் செஞ்சேன்.' ரெண்டே ரெண்டு சொல். அதுகூட வரலையா?"

பெரியக்கா மேடைக்கு எதிரே முதல் வரிசையில் போய் உட்கார்ந்தாள். வந்த இரண்டு சொல்லையும் விழுங்கிவிட்டாள்.

*

பதினொன்றரைக்கு மேடையில் பெரிய திரை எரிந்தது. அதில் மாடிப்படி.

முப்பத்தெட்டு வருஷம் கழித்து அந்தக் குட்டி உருவத்தைப் பார்த்ததும் பெரியக்காவுக்குக் கை பரபரத்தது. எட்டுக் கட்டம் அகலம், பன்னிரண்டு கட்டம் உயரம். வாளியை எந்தக் கையில் கொடுப்பது என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தது.

ஆடியது ஒரு தபால்காரப் பெண். சீருடையைக்கூட மாற்றாமல் வந்திருந்தாள். இந்த விளையாட்டில் இவளை மிஞ்ச ஆள் இல்லை, ஒன்பதாவது மாடிவரை போனது இவள் ஒருத்திதான் என்று மருமகள் காதைக் கடித்தாள். பத்தாவது மாடியை இதுவரை மனிதர் யாரும் கண்டதில்லை.

பெரியக்கா திரையைப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணின் விரலைப் பார்த்தாள்.

விரல் வலது பக்கம் தள்ளியது. உருவம் இடது பக்கம் ஓடியது.

விரல் மேலே தள்ளியது. உருவம் ஒரு படி கீழே இறங்கியது.

"ஏண்டி, அந்தப் பொண்ணு கையில இருக்கிறது ரிப்பேரா?"

"இல்ல அத்தை, இந்த விளையாட்டே அப்படித்தான். எல்லாமே தலைகீழாத்தான் போகும். அதனாலதான் இவ்வளவு கஷ்டம். உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. அவளுக்குத் தெரியவே தெரியாது. தன்னைத் தவிர வேறு ஒரு ஆள் இதை ஆடி அவள் பார்த்ததே இல்லை.

மேடையில் எம்.டி. மைக்கைப் பிடித்திருந்தான்.

"நிறைய பேர் கேக்கறாங்க, ஏன் சார் எல்லாத்தையும் தலைகீழா வெச்சீங்கன்னு. நான் சொல்றது ஒண்ணுதான். வாழ்க்கையில நாம ஒரு பக்கம் போகணும்னு நினைக்கிறோம், அது இன்னொரு பக்கம் இழுக்குது. ஏறணும்னு நினைக்கிறோம், இறங்கிடறோம். அந்தத் தத்துவத்தைத்தான்..."

கூட்டம் கைதட்டியது. யாரோ ஒருவர் அதை எழுதிக்கூட வைத்துக்கொண்டார்.

பெரியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தினாள். தத்துவமாம்! அவள் இடது கைக்காரி. ஜாய்ஸ்டிக் பெட்டியில் பொத்தான் இடது மேல் மூலையில் இருக்கும். குச்சியை வலது கையால் ஆட்ட வேண்டும். அது அவளுக்குச் சௌகரியப்படாது. முதல் நாளே பெட்டியை, மேல் ஓரம் தன் வயிற்றுப் பக்கம் வரும்படி, அப்படியே தலைகீழாகத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டாள். திருப்பிய பெட்டிக்கு ஏற்றபடி ஆறு மாசம் உட்கார்ந்து புரோகிராம் எழுதினாள். மற்றவர்கள் அதை வேறு மாதிரி பிடிப்பார்கள் என்ற நினைப்பே வரவில்லை. உலகத்தில் எல்லாருக்கும் தன் கைதான் என்று நினைத்துவிட்டாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

கடைக்காரர்கள் கேசட்டைத் திருப்பி அனுப்பினார்கள். அட்டைப் பெட்டி பெட்டியாக, மேலே 'பழுது' என்று எழுதி. தம்பி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். படம் வந்தது, சத்தம் வந்தது. அவனுக்கு ஆடத் தெரியாது. கடைகளில் ஆடிக் காட்டியதும் அவள்தான். அவள் ஆடும்போது அவன் திரையைப் பார்த்தானே தவிர, அவள் மடியைப் பார்த்ததில்லை. ஒரு பழுதும் இல்லையே, பின்னே ஏன் வாங்க மாட்டேங்கிறாங்க என்று அந்த அறையில் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். அன்றிலிருந்து குடும்பத்தில் அவன் 'விக்கத் தெரியாதவன்'. அப்பா சொன்னார், சித்தப்பா சொன்னார். ஒரு கோபத்தில் அவளும் சொல்லியிருக்கிறாள்.

திரையில் தபால்காரப் பெண் ஒன்பதாவது மாடியில் விழுந்தாள். கூட்டம் "அடடா!" என்றது.

இப்போது இரண்டு வழி இருந்தது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் பேர் போகும், கம்பெனியைக் கவிழ்த்த தன் தப்பும் அதோடு மறைந்து போகும். எழுந்து போனால் பேர் வரும், அதன் முதுகில் ஏறிக்கொண்டு தப்பும் வரும்.

மேடை ஓரத்தில் ஸ்டிக்கர் மிஷினைத் துணி விலக்கித் தயார் செய்தார்கள்.

டீ போட்டுக் குடுப்பாளாம்.

பெரியக்கா எழுந்தாள்.

"அத்தை? எங்க போறீங்க? பாத்ரூம் அந்தப் பக்கம்..."

"என் விளையாட்டை நான் ஆடப் போறேன். பையைப் பிடி."

*

மேடைப் படி மூன்றும் ஏறுவதற்குள் பல் டாக்டர் ஓடி வந்து கை கொடுத்தார்.

"அம்மா, ஆடணுமா? தாராளமா. தபால்காரம்மா, அதைக் கொஞ்சம் அவங்ககிட்ட..."

"இது வேண்டாம்ப்பா. இது கொம்பு முளைச்ச மாதிரி இருக்கு. அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள பழைய ஜாய்ஸ்டிக் வெச்சிருக்கீங்களே, அது வேலை செய்யுமா?"

"செய்யும். ஆனா அது..."

"உடைக்க மாட்டேன். பயப்படாதீங்க."

எம்.டி. பக்கத்தில் வந்து அடிக்குரலில் சொன்னான்: "அக்கா, வேண்டாம்க்கா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்டா. பாக்கத்தானே வந்திருக்காங்க."

பல் டாக்டர் கையுறையோடு எடுத்து நீட்டிய கறுப்புப் பெட்டியை வாங்கி, அவள் நாற்காலியில் சம்மணம் போட்டாள். பெட்டியை மடியில் வைத்தாள். தலைகீழாகத் திருப்பினாள். வெளிப்பக்கம் போகவேண்டிய வயர் அவள் வயிற்றுப் பக்கம் வந்தது.

முதல் வரிசையிலிருந்து சிரிப்புக் கிளம்பியது.

"அம்மா, தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க!"

"நான் நேராத்தான் பிடிச்சிருக்கேன்," என்றாள் பெரியக்கா. "நீங்கல்லாம்தான் ரெண்டு வருஷமா தலைகீழாப் பிடிச்சிருக்கீங்க."

இடது கையில் குச்சி. வலது கட்டைவிரலில் பொத்தான்.

ஆட்டத்தில் மூன்று உயிர்; முதல் உயிர் மூன்றாவது மாடியில் போயிற்று, பூனையை மறந்துபோயிருந்தாள். சிரிப்பு கொஞ்சம் கூடியது. எம்.டி. நெற்றியைத் துடைத்துக்கொண்டான்.

இரண்டாவது உயிர் ஆறாவது மாடியில். ஆனால் இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தபால்காரப் பெண் திரையை விட்டுவிட்டுப் பெரியக்காவின் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சி வலது பக்கம் போனால் உருவம் வலது பக்கம் போனது. மேலே தள்ளினால் மேலே ஏறியது.

"ஐயையோ," என்றாள் தபால்காரப் பெண். மைக் பக்கத்தில் இருந்ததால் அது கூடம் முழுக்கக் கேட்டது. "ஐயையோ, நேராப் போகுது! இது நேராத்தான் போகுது!"

கூடத்தில் ஒரு சலசலப்பு. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்றார்கள். அடுத்த மேஜைகளில் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு வந்தார்கள்.

மூன்றாவது உயிர். கடைசி உயிர்.

விரல் இப்போது தானே வேலை செய்தது. மூன்றாவது மாடிப் பூனை, ஐந்தாவது மாடிக் குழாய், ஆறாவது மாடிக் கதவு. ஏழு. எட்டு.

"ஒன்பது!" என்று கூட்டமே எண்ணியது.

ஒன்பதாவது மாடியில் இரண்டு கதவு, மாறி மாறித் திறக்கும். இடையில் ஒரே ஒரு கட்டம் இடம். பெரியக்கா உருவத்தை அந்தக் கட்டத்தில் நிறுத்தினாள். ஒரு கதவு மூடியது. வலம், இடம், பொத்தான்.

பத்தாவது மாடி.

கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு கூச்சல். பல் டாக்டர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, திறந்த வாய் மூடாமல் நின்றார். பதினொன்றில் பூனை இரண்டாக வந்தது, தாண்டினாள். பன்னிரண்டு. கடைசிப் படி.

மொட்டை மாடி. ஒரு கொடி, அதில் நாலு துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. உருவம் போய் வாளியைக் கீழே வைத்தது. அப்புறம் உட்கார்ந்தது.

அவ்வளவுதான். இசை நின்றது. துணி மட்டும் ஆடியது.

கூட்டம் மூச்சு விடாமல் அடுத்தது என்ன என்று பார்த்தது.

"அம்மா," என்றார் பல் டாக்டர். "ஏம்மா அது உட்காருது?"

"பன்னெண்டு மாடி ஏறினா உட்கார வேண்டாமா?"

கைதட்டல் எப்போது தொடங்கியது என்று சொல்ல முடியாது. நின்றபாடில்லை. மருமகள் பையையும் செருப்பையும் விட்டுவிட்டு மேடை ஏறி வந்து, கட்டிக்கொள்வதா வேண்டாமா என்று தெரியாமல் அத்தையின் நாற்காலியைக் கட்டிக்கொண்டாள்.

சத்தம் அடங்கியதும் எல்லாக் கண்ணும் எம்.டி.யின் பக்கம் திரும்பியது.

"சார்?" என்றார் பல் டாக்டர். அதில் குற்றச்சாட்டு இல்லை. அதனாலேயே தாங்க முடியாததாக இருந்தது.

பெரியக்கா முந்திக்கொண்டாள்.

"டாக்டர், கம்பெனி அவனோடது. வாடகைக்கு ரூம் பிடிச்சது, பெட்டி செஞ்சது, அட்டையில படம் போட ஆள் பிடிச்சது, கடை கடையா வெயில்ல ஏறி இறங்கினது எல்லாம் அவன். அவன் இல்லாட்டி இந்தக் கேசட்டே இல்ல." கொஞ்சம் நிறுத்தினாள். விழுங்கி வைத்திருந்த அந்த இரண்டு சொல்லும் இப்போது லேசாக வந்தது. "ஆனா இந்த விளையாட்டை நான் செஞ்சேன். டீயும் நான்தான் போட்டேன். அதையும் இல்லைன்னு சொல்லல."

கூடம் கொல்லென்று சிரித்தது.

எம்.டி. ஏதோ முனகினான்.

"மைக்ல சொல்லுங்க சார், பின்னால கேக்கல!" என்று ஒரு குரல்.

அவன் மைக்கை எடுத்தான். "அக்கா செஞ்சது," என்றான். பிறகு இன்னும் கொஞ்சம் சத்தமாக, "எல்லாம் அக்கா செஞ்சதுதான்."

*

ஸ்டிக்கர் மிஷினின் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் பழைய பேரை அழித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பேர் சொல்லுங்கம்மா."

பெரியக்கா சொன்னாள்.

"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்க, தப்பு வந்துடக்கூடாது."

கூட்டிச் சொன்னாள். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. தன் பேர் இத்தனை அழகாக இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"இனிஷியல்? அப்பாவோடதா, வீட்டுக்காரரோடதா?"

"ரெண்டு பேரும் ஒரு வரிகூட எழுதலையேம்மா. பேர் மட்டும் போதும்."

மிஷின் கிர்ரென்று ஓடியது. முதல் லேபிளைப் பல் டாக்டர் தன் கையால் ஒட்டி, இரண்டு கையாலும் நீட்டினார். அதற்குள் கையெழுத்துக் கேட்டு வரிசை நின்றுவிட்டது. வரிசையில் முதல் ஆளாக வரவேற்பு மேஜைப் பெண். 'விருந்தினர்' அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வேறு அட்டை மாட்டிவிட்டாள். இடது கையால் கையெழுத்துப் போடுவதை ஏழெட்டுப் பேர் படம் எடுத்தார்கள்.

நடுவில் போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"எங்க இருக்க? டி.வி. ரிமோட்டைக் காணோம்."

"சோபா இடுக்குல பாருங்க. நான் இங்க பெரிய ஆளாயிட்டிருக்கேன், அப்புறம் பேசறேன்."

"என்ன ஆயிட்டிருக்க?"

"வெச்சுடறேன்!"

மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கப்பலில் வேலை பார்க்கும் தன் புருஷனுக்குப் படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தாள். "உங்க அம்மா, உங்க அம்மா," என்று ஒவ்வொன்றின் கீழேயும் எழுதினாள்.

தபால்காரப் பெண்ணுக்குத்தான் இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பிடித்துப் பார்த்தபடி, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"ரெண்டு வருஷமா தலைகீழா ஆடியிருக்கேனே! ஏம்மா, அப்போ கடையில வாங்கினவங்க என்ன பண்ணியிருப்பாங்க? கேசட் கெட்டுப்போச்சுன்னுல்ல திருப்பிக் குடுத்திருப்பாங்க, பாவம்!"

எல்லாரும் சிரித்தார்கள். பெரியக்காவின் பேனா நின்றது.

நிமிர்ந்து பார்த்தாள். மேடைத் தூணுக்குப் பக்கத்தில் எம்.டி. நின்றிருந்தான். 'படைப்பாளி' அட்டையை யாரோ வாங்கிக்கொண்டு போயிருந்தார்கள். நோட்டுகள் மட்டும் இன்னும் அவன் கையில் இருந்தன. அவன் முகத்தில் இருந்தது அவமானம் இல்லை. ஒரு பெரிய கணக்கை மனத்துக்குள்ளேயே போடுகிறவன் முகம் அது.

வரிசையை விலக்கிக்கொண்டு மெதுவாக வந்தான். மேஜை மேல் நோட்டுகளை வைத்தான்.

"வாழ்த்துக்கள்க்கா."

"டேய், உட்காருடா. முதல்ல தண்ணி குடி."

அவன் உட்காரவில்லை. தபால்காரப் பெண்ணிடமிருந்து கறுப்புப் பெட்டியை வாங்கினான். நேராகப் பிடித்தான். தலைகீழாகத் திருப்பினான். மறுபடி நேராக. பிறகு, பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், மருமகளுக்குக்கூடக் கேட்காத குரலில் கேட்டான்:

"கேசட்டெல்லாம் திரும்பி வந்தது இதனாலதான்னு உனக்கு அப்பவே தெரியும். அதனாலதான் இத்தனை வருஷம் வாயைத் திறக்காம, பேரை எனக்கே விட்டுக் குடுத்த. அப்படித்தானேக்கா?"